வாலில் நின்ற ஃப்ரிட்ஜ்

வாஷிங் மெஷினுக்குள் பெண்டாட்டியின் கையைத் திணித்து, மேல்மூடியை ஓங்கி அடைக்கிறவனை மனிதன் என்று சொல்லவே நாக்கு கூசுகிறது. ஜேரட் அதைத்தான் செய்தான். அப்படி என்ன குற்றம்? அவனுடைய வேலைச் சட்டைப் பையில் ஒரு காகிதக் கைக்குட்டை கிடந்திருக்கிறது. ப்ரானி கவனிக்காமல் துவைக்கப் போட்டுவிட்டாள். துணியெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் துகள் ஒட்டிக்கொண்டது. இதற்குப் போய் ஒருத்தியின் விரல் இரண்டை நசுக்கினான்.

நெவில் அவனுடைய அப்பா. ஒரே வீட்டை நடுவில் பலகைச் சுவர் வைத்துப் பிரித்திருந்தார்கள். ஒரு பாதியில் மகனும் மருமகளும், மறுபாதியில் நெவில் தனியாக. மறுநாள் காலை ஜேரட் வேலைக்குக் கிளம்பிய பிறகு, பால் இருக்கிறதா என்று கேட்கும் சாக்கில் அவர் அந்தப் பக்கம் போனார். ப்ரானி இடது கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு, வலது கையால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"காட்டும்மா."

"பாத்து என்ன பண்ணப் போறீங்க நெவில்?"

அவளே துண்டை அவிழ்த்தாள். இரண்டு விரலும் வீங்கிக் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன. ஒரு நகம் கழன்று தோலில் தொங்கியது.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா."

"அங்க போய் என்ன சொல்றது? போன தடவ தாடை உடைஞ்சப்ப குளியலறையில வழுக்கிச்சின்னு சொன்னேன். இப்ப வாஷிங் மெஷின் கடிச்சிருச்சின்னு சொல்லவா?" அவள் துண்டை மறுபடி சுற்றினாள். "என்னை போர்ட் அகஸ்டாவுல கொண்டுபோய் விட்டுடுங்க. அது போதும். அங்கேர்ந்து எங்க போறேன்னு கேக்காதீங்க."

"அவன் சும்மா விடுவானா?"

"விடமாட்டான். நீ போனா வீட்ட விட்டு இல்ல, உலகத்தை விட்டுத்தான் போவ, அப்படின்னு சொல்லியிருக்கான். சொன்னா செய்யறவன்தான் உங்க புள்ள. ஆனா இங்கயே கெடந்தாலும் அதேதான் நடக்கும், கொஞ்சம் மெதுவா நடக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்."

நெவில் வாசல்படிவரை போய்த் திரும்பினார். பிறகு, "நாளைக்கு" என்றார். சொல்லிவிட்டு, ஜேரட்டின் கார் திரும்பி வருகிறதா என்று தெருவைப் பார்த்தார். சொந்த மகனைப் பார்த்துப் பயப்படுவது என்ன பிழைப்பு என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

நெவிலை எங்கள் கிம்பா ஊரில் தெரியாதவர்கள் கிடையாது. கிம்பாவைச் சுற்றியிருக்கிற கோதுமைப் பண்ணைகளில் எந்த வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வந்தாலும் போனாலும், வாஷிங் மெஷின் செத்தாலும், அடுப்பு மாறினாலும் அவருடைய வெள்ளைப் பிக்கப் வண்டிதான் வரும். பின்தொட்டிக்கு மூன்று மடிப்பாக மடிகிற ஒரு கறுப்பு அலுமினிய மூடி போட்டிருந்தார். வழியெல்லாம் செம்மண் புழுதி, சாமான் வீணாகக் கூடாது என்பதற்காக. ஆனால் ஃப்ரிட்ஜ் என்றால் மூடிக்கு வேலையில்லை. மூடியைக் கழற்றிக் கொட்டகையில் சாய்த்துவிட்டு, ஃப்ரிட்ஜை நிற்க வைத்து, டிரைவர் அறையின் முதுகோடு ஒட்டிச் சாய்த்து, நாலு பெல்ட் போட்டு இறுக்குவார். படுக்க வைத்து ஏற்றச் சொன்னால் சண்டைக்கு வருவார். தொட்டியின் வால்பக்கம் நிற்க வைப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். சுமை பின்னால் போனால் முன்சக்கரம் தரையைச் சரியாகப் பிடிக்காது, எதிர்க்காற்று ஃப்ரிட்ஜைக் கவிழ்த்துவிடும் என்பார். டயர் கடையில் சேர்வதற்கு முன் பத்து வருஷம் ஜேரட்டும் அவரோடு இதே வேலையைத்தான் செய்தான். தூக்கிக் கட்டியதில் பாதி அவனுடைய தோள்.

ஊரை விட்டுக் கிழக்கே, அகஸ்டா பக்கம் போக ஒரே சாலைதான். அந்தச் சாலையின் கடைசிக் கட்டடம் ஜேரட் வேலை செய்கிற டயர் கடை. அவன் கண்ணில் படாமல் ஒரு நாய்கூட ஊரைத் தாண்ட முடியாது. ப்ரானியின் கார் சாவியும் போனும் பகலெல்லாம் அவனுடைய பையில்தான் இருக்கும். அதனால் அவளை மூடிக்கு அடியில் படுக்க வைத்துக் கடத்துவது என்று நெவில் முடிவு செய்தார். வெறும் மூடியோடு போனால் எங்கே, எதற்கு என்று கேட்பான். ஒரு ஃப்ரிட்ஜையும் ஏற்றிவிட்டால் கேள்வியே வராது என்று நினைத்தார். அன்று சாயங்காலம் டயர் கடைக்கே போய், "நாளைக்கு அகஸ்டாவுக்கு ஒரு ஃப்ரிட்ஜ் போகுதுடா" என்று சொல்லியும் வைத்தார்.

அங்கேதான் கோட்டைவிட்டார். மூடி டிரைவர் அறைப் பக்கமாகத்தான் மடியும். வால்பக்கம் மட்டும்தான் திறந்து வைக்க முடியும். ப்ரானி முன்பக்கம் மூடிக்கடியில் படுத்தால் ஃப்ரிட்ஜ் வாலில்தான் நிற்கவேண்டும். அது அவருக்குத் தெரியாமல் இல்லை. காலையில் அவளும் அவருமாக ஃப்ரிட்ஜை ஏற்றும்போதே, முன்சக்கரம் லேசாகிவிடுமே, மெதுவாக ஓட்ட வேண்டும் என்றுதான் அவர் மனம் கணக்குப் போட்டதே தவிர, இதைப் பார்த்ததும் தப்பு கண்டுபிடிக்கிறவன் ஒருவன் வழியில் இருக்கிறானே என்று யோசிக்கவே இல்லை. பாரம் ஏற்றுகிறவன் பாரத்தைப் பற்றித்தான் நினைப்பான்.

"ஃப்ரிட்ஜ எடுக்காம நீ வெளிய வர முடியாதும்மா" என்றார், அவள் கம்பளியை விரித்து உள்ளே ஊர்ந்து போனபோது. "என்ன சத்தம் கேட்டாலும் மூச்சு விடாத."

உள்ளிருந்து அவள் குரல் வந்தது. "மூச்சு விடாம இருக்க எனக்குச் சொல்லித் தரணுமா?"

டயர் கடையைத் தாண்டும்போது ஜேரட் வாசலில் நின்று கறி பஃப்ஸ் தின்றுகொண்டிருந்தான். நெவில் எப்போதும்போல ஸ்டீரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கினார். அவனும் கையிலிருந்ததைத் தூக்கிக் காட்டினான். கண்ணாடியில் பார்த்தார். அவன் மெல்லுவதை நிறுத்திவிட்டு வண்டியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். ஆனாலும் அவன் ஓடி வரவில்லை, வண்டியும் எடுக்கவில்லை. தப்பித்தோம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஊர் மறைந்தது. அறுவடை முடிந்த வயல் மறைந்தது. பிறகு இரண்டு பக்கமும் உப்பு மண்ணில் முளைக்கிற குட்டைப் புதர்தான். போனில் சிக்னல் போய்விட்டது. வெயில் ஏறிக்கொண்டே வந்தது. நெவில் ஓரிடத்தில் நிறுத்தி, ஃப்ரிட்ஜுக்கும் மூடிக்கும் நடுவே இருந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் பாட்டிலை உள்ளே விட்டார். ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது.

"இன்னும் எவ்ளோ தூரம்?"

"பாதிகூட ஆகல. தாங்குவியா?"

"நீங்க ஓட்டுங்க."

அவர் மறுபடி கிளம்பிக் கொஞ்ச தூரம்தான் போயிருப்பார். கண்ணாடியில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. புள்ளி காராயிற்று. ஜேரட்டின் கார். ஹார்ன் அடிக்காமல், விளக்கு போடாமல் வந்து, முந்திக்கொண்டு, முன்னால் குறுக்கே நின்றது. நெவில் பிரேக்கை மிதித்தார். பின்னால் ஃப்ரிட்ஜ் பெல்ட்டில் முனகியது.

ஜேரட் சாவகாசமாக இறங்கினான். முகத்தில் சிரிப்பு. அவன் சிரித்துக்கொண்டு வந்தால்தான் பயப்பட வேண்டும், எங்கள் ஊருக்கே தெரியும்.

"என்னப்பா, முதுகு எப்படி இருக்கு?"

"இருக்கு. உனக்கு வேல இல்லையா?"

"வீட்டுக்கு ஒரு எட்டு போய்ட்டு வந்தேன்." அவன் பின்பக்கம் நடந்தான். நெவிலும் இறங்கி அவன் பின்னால் போனார். "ஃப்ரிட்ஜ் ஏம்பா வாலுல நிக்குது?"

"தனியா ஏத்தினேன்டா. முன்னால தள்ள முடியல."

"தனியா ஏத்தினியா? சூரன்தான். உன்னோட வேல பாத்தப்ப நான் இத எப்பவாவது வாலுல வச்சேன்னா பின்மண்டையில ஒண்ணு போடுவ. ஞாபகம் இருக்கா?" பெல்ட்டைச் சுண்டிப் பார்த்தான். "வா, ரெண்டு பேருமாச் சேந்து முன்னால தள்ளிடலாம். எனக்கும் கை துறுதுறுங்குது."

"அது கெடக்கட்டும் விடு."

"மூடிக்கடியில என்ன?"

"கம்பளி. கயிறு."

ஜேரட் மூடியின்மேல் விரல் முட்டியால் தட்டினான். ஓரிடத்தில் தட்டினான், கொஞ்சம் தள்ளித் தட்டினான், காது கொடுத்துக் கேட்டான். உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

"கம்பளி மூச்சு விடுமாப்பா?"

நெவில் வாயைத் திறப்பதற்குள் அவன் சக்கரத்தில் கால் வைத்து மூடியின்மேல் ஏறிவிட்டான். ஏறி, கனத்த பூட்ஸோடு குதித்தான். அலுமினியம் டமார் என்று குழிந்தது. மறுபடி குதித்தான். அவளுடைய மார்பு எங்கே இருக்கும், தலை எங்கே இருக்கும் என்று தேடித் தேடி மிதித்தான், படுபாவி. உள்ளிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை. வராததுதான் நெவிலைக் கொன்றது. இப்படி மிதித்தால் செத்த உடம்புகூட ஒரு சத்தம் போடுமே!

அவனுடைய காலைப் பிடித்து இழுத்தார். அவன் மூடியில் தாடை மோதி விழுந்து, அங்கிருந்து தார் ரோட்டில் உருண்டான். எழுந்தவனுடைய வாயெல்லாம் ரத்தம். அப்பாவைப் பார்த்தான். ஒரு நொடி சின்னப் பையன்போல ஆச்சரியப்பட்டான். அப்புறம் குத்தினான்.

முதல் குத்தில் நெவிலின் பல்செட் தெறித்துப் புதரில் விழுந்தது. இரண்டாவது குத்து கண்ணில். கீழே விழுந்தவரை விலாவில் உதைத்தான். உதைத்துக்கொண்டே பேசினான்.

"என் வீட்டுக்குள்ள பூந்து, என் பொண்டாட்டியத் திருடறியா? கெழட்டு நாயே! ஃப்ரிட்ஜுன்னு பொய் வேற! எங்கிட்டயே! ஃப்ரிட்ஜப் பத்தி எங்கிட்டயே பொய்யா!"

அப்புறம் தொட்டிப் பக்கம் திரும்பினான். பெல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினான். பத்து வருஷப் பழக்கம், கை தானாக வேலை செய்தது. பிறகு தொட்டிக்குள் ஏறித் தோள் கொடுத்து ஃப்ரிட்ஜை வெளியே தள்ளினான். அது ரோட்டில் விழுந்து கதவு பிளந்துகொண்டது. உள்ளே இருந்த கண்ணாடித் தட்டுகள் சிதறின. அந்தச் சத்தத்துக்குப் புதரிலிருந்து சாம்பலும் ரோஸுமாக ஒரு கூட்டம் காக்கட்டூக் கிளிகள் கத்திக்கொண்டு கிளம்பின.

ஜேரட் மூடிக்கடியில் கையை விட்டான். ப்ரானியின் கணுக்காலைப் பிடித்து இழுத்தான். அவள் கம்பளியோடு சேர்ந்து வந்தாள். நெற்றி பிளந்திருந்தது. வாய்க்குள் கம்பளியின் மூலையைக் கடித்து வைத்திருந்தாள். சத்தம் ஏன் வரவில்லை என்று நெவிலுக்கு அப்போதுதான் புரிந்தது. உயிரோடு இருக்கிறாள்! அந்த நிலையிலும் அவருக்கு அழுகையாக வந்தது.

"சவாரி எப்படிம்மா இருந்துச்சு?" என்றான் ஜேரட். தலைமுடியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, உடைந்த கண்ணாடிமேல் அவளை இழுத்துக்கொண்டு போனான். "காருக்குப் போலாம். புதருக்குள்ள கொஞ்சம் பேசணும். திரும்பி வரும்போது நான் மட்டும்தான் வருவேன்."

அவள் கத்தவில்லை. நசுங்கிய கையால் ரோட்டைப் பிறாண்டினாள்.

நெவில் ஊர்ந்துபோய் டிரைவர் இருக்கைக்குப் பின்னால் கையை விட்டார். ஃப்ரிட்ஜை நெம்பித் தூக்குவதற்காக வைத்திருந்த குட்டைக் கடப்பாரை அங்கேதான் கிடக்கும். எழுந்து நின்றார். எப்படி எழுந்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. மகனுக்குப் பின்னால் போய், அவனுடைய முழங்காலின் பின்பக்கம் வீசினார்.

எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. ஜேரட் விழுந்தான். விழுந்தும் அவளுடைய முடியை விடவில்லை. நெவில் அவன் முன்கையில் அடித்தார். கை திறந்துகொண்டது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம், வேலை முடிந்துவிட்டது. அவர் நிறுத்தவில்லை. உடைந்த அதே முழங்காலில் இன்னொரு தடவை அடித்தார். அந்த அடிதான் எல்லாவற்றையும்விடப் பலமாக விழுந்தது. ஜேரட் அலறிய அலறலில் அவர் கையிலிருந்து கடப்பாரை நழுவியது.

அவர் ரோட்டோரமாக உட்கார்ந்து வாந்தி எடுத்தார். நிமிர்ந்து பார்த்தபோது கடப்பாரை ப்ரானியின் கையில் இருந்தது.

அவள் ஜேரட்டின் தலைமாட்டில் நின்றாள். நெற்றி ரத்தம் கண்ணுக்குள் இறங்கியதைத் துடைக்கக்கூட இல்லை.

"ப்ரான்..." என்றான் அவன். குரலே மாறிவிட்டது. "ப்ரான், கண்ணு, கால் போச்சும்மா. தூக்கி விடு. இனிமே சத்தியமா..."

அவள் கடப்பாரையை ஓங்கினாள். முதல் அடி அவனுடைய தோளில் விழுந்தது. அவன் நெளிந்தான். அடுத்ததற்கு அவள் காலை அகட்டி வைத்து, அளவு பார்த்துக்கொண்டாள். எங்கே விழப்போகிறது என்று நெவிலுக்குத் தெரிந்துவிட்டது. பாய்ந்துபோய் மகன்மேல் விழுந்து, அவனுடைய தலையைத் தன் நெஞ்சுக்கடியில் மறைத்துக்கொண்டார்.

"போதும்மா! வேணாம்மா! எம்புள்ளம்மா!"

அடி விழவில்லை. மேலே அவள் மூச்சு வாங்குவது கேட்டது.

"நகருங்க."

"உன் காலப் புடிச்சிக்கறேன். உட்டுடு."

"நல்லா குறுக்க விழறீங்களே நெவில்" என்றாள் ப்ரானி. "குறுக்க விழத் தெரிஞ்சிருக்கே உங்களுக்கு! நான் தெரியாதுன்னுல்ல நெனச்சேன். அஞ்சு வருஷமா அந்தப் பலகைச் சுவருக்கு அந்தாண்டதான உக்காந்திருந்தீங்க? அவன் என்னைப் போட்டு அடிக்கறப்ப எல்லாம் உங்க டிவி சத்தம் ஏறும். ஒவ்வொரு தடவையும் ஏறும். இன்னிக்கு ஏத்திட்டாரு, இன்னிக்கும் கேட்டுடுச்சி அவருக்குன்னு நான் கீழ கெடந்து நெனச்சுப்பேன். ஒரு நாளாவது வந்து குறுக்க விழுந்தீங்களா?"

நெவில் தலையைத் தூக்கவில்லை. அவ்வளவும் உண்மை. டிவியில் கிரிக்கெட் ஓடிய நாளும் உண்டு, ஒன்றுமே ஓடாமல் வெறும் விளம்பரம் ஓடிய நாளும் உண்டு. சத்தத்தை மட்டும் அவர் கூட்டி வைப்பார். தன் பிள்ளை இப்படி என்று தன் காதுக்கே தெரியக் கூடாது என்றுதான். மகனின் உப்பு வியர்வை நாற்றத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "இல்ல" என்றார்.

கடப்பாரை ரோட்டில் விழுந்தது.

அவள் ஜேரட்டின் சட்டைப் பையிலிருந்து தன் போனையும் சாவியையும் எடுத்துக்கொண்டாள். அவனுடைய போனைக் கல்லில் வைத்து மிதித்தாள். காரின் சாவியைப் பிடுங்கி, முடிந்தவரை தூரமாகப் புதருக்குள் எறிந்தாள். பிறகு நெவிலைப் பார்த்துக் கையை நீட்டினாள். அவர் தன் போனையும் கொடுத்தார்.

"வண்டிலயே சாவி இருக்கு" என்றார். "டீசல் முழுசா போட்டிருக்கேன். முன்சக்கரம் இப்ப நல்லாப் புடிக்கும், வேகமாவே போலாம்."

அவள் தண்ணீர் பாட்டிலைத் தொட்டிக்குள்ளிருந்து எடுத்து, பாதியைக் குடித்துவிட்டு, மீதியை அவருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது உங்களுக்கு. அவனுக்கு ஒரு சொட்டு குடுக்காதீங்க."

பிக்கப் கிளம்பியது. குழிந்த கறுப்பு மூடி கொஞ்ச தூரத்துக்கு வெயிலில் மின்னிக்கொண்டே போயிற்று. நெவில் பாட்டிலைத் திறந்து மகனுடைய வாயில் ஊற்றினார். அவன் மடமடவென்று குடித்தான்.

வெயில் உச்சிக்கு வந்தது. ஈ மொய்த்தது. ஜேரட்டின் கால் தொடைவரை வீங்கி, பேண்ட் துணி இறுகிவிட்டது. நெவில் அவனைக் காரின் நிழலுக்கு இழுத்துப் போட்டு, அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டார். முதலில் அவன் அம்மாவைக் கூப்பிட்டு அழுதான், அவள் செத்து வெகுகாலம் ஆயிற்று. வலி மரத்ததும் பேச்சு மாறியது.

"எங்க போறா அவ?"

"தெரியாதுடா."

"எனக்குத் தெரியும். அகஸ்டா தாண்ட விடமாட்டேன். ஒரு லாரி வரட்டும். லாரிக்காரனுங்க பேசிக்கற ரேடியோவுல ஒரு வார்த்த சொன்னாப் போதும், எதிர்ல வர்றவன் மறிச்சு வச்சிருப்பான். இந்தக் கால் ஆறட்டும்பா. அவள உரிச்சு உப்பு தடவுறேனா இல்லையா பாரு."

நெவில் அவன் முகத்தைக் குனிந்து பார்த்தார். அவன் வெறும் ஆத்திரத்தில் பேசவில்லை. கண்ணில் நீர்கூட இல்லை. நிதானமாக, கடை திறக்கிற நேரம் சொல்வதுபோலச் சொன்னான்.

கிம்பா பக்கமிருந்து லாரி வந்தது. மூன்று பெட்டி கோர்த்த நீள லாரி, நின்று முடிக்கவே நேரமாயிற்று. தாடிக்காரன் ஒருவன் குதித்து ஓடி வந்தான்.

"அட கடவுளே! என்ன பெருசு ஆச்சு?"

"கால் ஒடைஞ்சு போச்சு. ஆம்புலன்ஸ் வேணும்."

"உம் மூஞ்சியப் பாத்தா உனக்கும் ஒண்ணு வேணும் போலருக்கே! யாரு இப்படிப் பண்ணினது?"

"நான்தான்."

லாரிக்காரன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "நீயா?"

"எம்புள்ள. அவன் என்னை அடிச்சான், நான் அவன அடிச்சேன். வீட்டுச் சண்ட."

"நடுக்காட்டுலயா வீட்டுச் சண்ட? வேற யாராவது இருந்தாங்களா? சொல்லு பெருசு. அகஸ்டாவுலேர்ந்து மூணு லாரி எதிர்ல வருது. ரேடியோவுல சொன்னா எந்த வண்டியா இருந்தாலும் மடக்கிடுவாங்க." அவன் ரோட்டில் பிளந்து கிடந்த ஃப்ரிட்ஜைப் பார்த்தான். "இந்த ஃப்ரிட்ஜு இந்தக் கார்ல வந்துச்சா என்ன?"

"யாரோ கொட்டிட்டுப் போயிருக்கான். காட்டுல குப்ப கொட்டறதே பொழப்பாப் போச்சு இவனுங்களுக்கு."

ஜேரட்டின் உடம்பு முறுக்கேறியது. தலையைத் தூக்கினான். "பிக்கப்... வெள்ளப் பிக்..."

நெவிலின் உள்ளங்கை அவனுடைய வாயை மூடியது.

"பெனாத்தறான்" என்றார் லாரிக்காரனிடம். "வெயில்ல ரொம்ப நேரமாக் கெடக்கான். வலியில என்னென்னவோ சொல்றான். நீ ஆம்புலன்ஸ மட்டும் கூப்பிடு, உனக்குப் புண்ணியமாப் போகும்."

"பாவம்" என்றான் லாரிக்காரன். தொப்பியைக் கழற்றி ஜேரட்டின் முகத்துக்கு இரண்டு தடவை விசிறிவிட்டு, ரேடியோவைத் தேடிப் படியேறினான்.

ஜேரட் கடித்தான். தோலில் பட்ட பல் சதைக்குள் இறங்கியது. நெவிலின் கண்ணில் பூச்சி பறந்தது. இன்னொரு கையால் மகனின் தலையைக் கோதிவிட்டார். "சரிடா, சரிடா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மேலே லாரிக்காரன் இடம் சொல்லிக்கொண்டிருந்தான். ஆள் இரண்டு பேர் என்றான், வேறு யாரும் இல்லை என்றான். பல் எலும்பைத் தொட்டது. நெவில் கையை எடுக்கவில்லை.